பிள்ளையைக் கூப்பிட ஓட வேண்டாம்

கதிரியக்கத் தூசு எங்கள் ஊரில் விழுந்தால் யார் யார் என்னென்ன செய்ய வேண்டும் என்று முப்பத்திரண்டு பக்கத்துக்கு எழுதியவள் நான். அதில் ஒரே ஒரு வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டு அடிக்கோடும் இட்டிருந்தேன். அந்த ஒரு வரியைத்தான் நானே மீறினேன். முப்பத்திரண்டு பக்கத்தையும் ஊர் ஒழுங்காகக் கடைப்பிடித்தது.

நான் நகராட்சி அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவள். நாய்க்கடி, கொசு மருந்து, குப்பை வண்டி, இந்த மூன்று கோப்புகளும் என் மேசையில் பிறந்து என் மேசையிலேயே வயதாகும். ஒருநாள் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. நகரங்களில் கதிரியக்க மாசு ஏற்பட்டால் சமாளிக்க ஒவ்வொரு ஊரும் திட்டம் வைத்திருக்க வேண்டுமாம். எங்கள் அதிகாரி வட மாவட்டத்துக்காரர், நல்ல மனிதர், எந்தத் தாளையும் நெருப்புத் துண்டைப் போலப் பிடித்து அடுத்தவர் கையில் போட்டுவிடுவார்.

"இங்க சயின்ஸ் படிச்சவங்க யாரு?"

நான் கையைத் தூக்கியிருக்கக் கூடாது. இயற்பியல் படித்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. ஆல்பாவை ஒரு தாள் தடுக்கும், பீட்டாவை அலுமினியத் தகடு தடுக்கும், காமாவுக்கு ஈயம் வேண்டும். என்னிடம் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். பரீட்சையில் படம் வரைந்து ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

முதல் வரைவைக் கடலோர ஊர் ஒன்றின் திட்டத்தைப் பார்த்து அப்படியே எடுத்தேன். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினேன். அதிகாரி ஒரு பக்கத்தைப் படித்துவிட்டார். வழக்கமாகப் படிக்க மாட்டார், அன்றைக்கு மின்சாரம் இல்லை.

"மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம்னு படகுல மைக் கட்டி அறிவிக்கணும்னு போட்டிருக்கீங்க. சங்கரன்கோவில்ல கடல் எங்கம்மா இருக்கு?"

"தெப்பக்குளம் இருக்கு சார்."

"அதுல யாரு மீன் பிடிக்கிறா?"

"யாரும் பிடிக்கக் கூடாது சார். அதத்தான் சொல்லுது."

மனிதர் சிரிக்கவில்லை. முழுவதையும் திரும்ப எழுதச் சொன்னார். அதற்கப்புறம்தான் நான் நிஜமாகவே படிக்க ஆரம்பித்தேன். கையேடுகளை இறக்கிப் படித்தேன். இப்படிப்பட்ட ஆபத்து அணு உலையிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. கதிரியக்கப் பொருளை வைத்துக் குழாய்ப் பற்றவைப்பைச் சோதிக்கும் கருவி ஒன்று வழி தவறிப் பழைய இரும்புக் கடைக்கு வந்தாலே போதும். அது என்னவென்று தெரியாமல் சுத்தியலால் தட்டினால் போதும். எங்கள் ஊரில் பழைய இரும்புக் கடைக்கும் பஞ்சமில்லை, சுத்தியலுக்கும் பஞ்சமில்லை.

எங்கள் ஊருக்கென்று தனியாக யோசிக்க வேண்டியதும் இருந்தது. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அடிக்கும் காற்று ஆளையே தள்ளும். அப்போது தூசு விழுந்தால் கிழக்கே இருப்பவர்கள்தான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அதே மாதத்தில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரும் கூட்டம் வேறு. இதையெல்லாம் வரைபடத்தில் அம்புக்குறி போட்டு எழுதினேன். என் மகள் தட்டச்சு செய்தாள். அவள் அப்போது பிளஸ் ஒன். என் கையெழுத்தை அவளால் மட்டும்தான் படிக்க முடியும், அதைச் சொல்லிக் காட்டாத நாளும் கிடையாது.

பதினோராம் பக்கத்தில்தான் பெரிய சண்டை வந்தது. 'மண், தூசு எதையும் தொட்ட கையால் வாயைத் தொடக் கூடாது. மண்ணை எக்காரணம் கொண்டும் வாயில் போடக் கூடாது' என்று எழுதியிருந்தேன். உலகத்தில் எல்லா ஊருக்கும் பொருந்துகிற வரி. எங்கள் ஊருக்குப் பொருந்தாது. கோயில் புற்று மண்ணை நெற்றியில் இட்டு, மிச்சத்தை நாக்கில் வைக்காமல் எங்கள் ஊரில் யாரும் வளர்ந்ததில்லை. தேமலா, புற்று மண். வயிற்று வலியா, புற்று மண். பரீட்சையா, இரண்டு விரல் கூடுதலாகப் புற்று மண்.

கூட்டத்தில் மேஸ்திரிதான் முதலில் வாய் திறந்தார். துப்புரவுப் பணியாளர்களுக்கு மேஸ்திரி. முப்பது வருடமாக இந்த ஊரின் குப்பையை அறிந்தவர்.

"மேடம், இத ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்லிட்டு வந்தோம்னா, கதிர்வீச்சுக்கு முன்னால ஊரு நம்மள அடிச்சுரும்."

"எல்லா மண்ணும் மண்ணுதான மேஸ்திரி. தூசு கோயில்னு பாத்தா விழும்?"

"புத்து கோயிலுக்கு உள்ளல்லா இருக்கு. மேல கூரை இருக்கு. நீங்கதான கூரைக்குக் கீழ இருந்தா பாதுகாப்புன்னு அஞ்சாம் பக்கத்துல எழுதியிருக்கீய?"

அதிகாரி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் பேசினோம். நானும் புற்று மண் சாப்பிட்டு வளர்ந்தவள்தான், அதனால் முழு மனதோடு எதிர்க்கவும் முடியவில்லை. கடைசியில் இப்படி ஒரு வரி சேர்ந்தது: 'நிகழ்வுக்கு முன்பே வீட்டில் மூடி வைக்கப்பட்டிருந்த கோயில் புற்று மண்ணுக்கு இது பொருந்தாது.' அணு விஞ்ஞானத்துக்கு எங்கள் ஊர் கொடுத்த கொடை இது.

தடித்த எழுத்து வரி ஏழாம் பக்கத்தில் இருந்தது. 'பள்ளியில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிட ஓட வேண்டாம்.' காரணங்களும் கீழே கொடுத்திருந்தேன். பள்ளிக்கூடச் சுவர் தடிமனானது, உள்ளே இருந்து சன்னலைச் சாத்தி மின்விசிறியை நிறுத்தினால் பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்கள். பெற்றோர் ஓடினால் சாலை அடைபடும், ஆம்புலன்ஸ் நிற்கும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பத்திரமாக இருக்கும் பிள்ளையை நாமே தூசுக்குள் இழுத்துக்கொண்டு வருவோம். இது என் சொந்தக் கருத்தில்லை. எல்லாக் கையேட்டிலும் இருப்பது. ஆனால் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் போட்டு இதைச் சொன்னது நான்தான். ஒரு தாய் எழுந்து, "அது எப்படி மேடம் மனசு கேக்கும்?" என்றார். நான் மேசையைத் தட்டி, "மனசு கேக்காதுதான். உங்க மனசா உங்க பிள்ளையா, எது முக்கியம்?" என்றேன். கைத்தட்டல் கூடக் கிடைத்தது. அந்தக் கைத்தட்டலை இன்றைக்கு நினைத்தால் காது சுடுகிறது.

வீட்டில் அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்யும்போது மகள் நிறுத்தினாள்.

"நீயும் வரமாட்டியா?"

"வரமாட்டேன்."

"நெசமா?"

"ஏட்டி, எழுதியிருக்கேன்லா. அடி."

அவள் அடித்தாள். தடித்த எழுத்தும் அடிக்கோடும் அவள் யோசனை. நான் மறந்துவிடுவேனாம்.

கதிரியக்க எச்சரிக்கைச் சின்னத்தைச் சுவரொட்டியாக அச்சடித்து எல்லாப் பழைய இரும்புக் கடைகளிலும் ஒட்டினோம். மஞ்சளில் நடுப்புள்ளியைச் சுற்றி மூன்று கருப்பு இதழ். 'இது உள்ள பொருளைத் தொடாதீர்கள், தட்டாதீர்கள், விலகி நின்று அழையுங்கள்' என்று கீழே என் எண். பள்ளிக்கு மேற்கே ஒரு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி அதை வெகுநேரம் பார்த்தார்.

"ஃபேன் மாதிரில்லா இருக்கு மேடம்."

"ஃபேன் இல்ல அண்ணாச்சி. எமன்."

அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது பார்த்தால், சுவரொட்டியைச் சட்டம் போட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். மூன்று இதழிலும் சந்தனம் குங்குமம். வெள்ளிக்கிழமை என்பதால் ஒரு முழம் பிச்சிப்பூவும். நான் அதைச் சொல்லி அலுவலகத்தில் ஒரு வாரம் சிரித்தேன். தினமும் காலையில் பத்தி காட்டும்போது அந்த மனிதர் அந்தச் சின்னத்தின் முகத்தில் விழிக்கிறார் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஆடித்தபசுக்குக் கொடி ஏறியிருந்த சமயம். காலை பதினொன்றரை இருக்கும். காற்று சன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்தது. தொலைபேசி அழைத்தது.

"மேடம், உங்க ஃபேன் வந்திருக்கு."

முதலில் புரியவில்லை. ஏதோ பழுது பார்க்கக் கொடுத்த மின்விசிறி என்று நினைத்தேன்.

"பழைய இரும்புக்கட மேடம். லோடுல ஒரு பெட்டி கெடக்கு. மஞ்சப் பெட்டி. சின்னதுதான், தூக்கப் போனா அம்மிக்கல்லு கனம் கனக்கு. நம்ம படத்துல உள்ள அதே மூணு எலை."

"தொட்டீயளா?"

"வேலைக்காரப் பய தூக்கிப் பாத்துட்டுக் கீழ வச்சுட்டான். எல்லாரையும் வெளிய அனுப்பிட்டேன். காத்து மேக்க இருந்துதான அடிக்கு, மேக்கவே தள்ளி வந்து நிக்கோம். சட்டையெல்லாம் கழத்தியாச்சு."

"மூடியிருக்கா அண்ணாச்சி?"

வேலைக்காரப் பையனிடம் அவர் கேட்பது காதில் விழுந்தது.

"ஒரு பக்கத்து மூடி இல்ல மேடம்."

அது வரைக்கும் நான் சரியாகத்தான் இருந்தேன். அதிகாரியிடம் சொன்னேன், அவர் மாவட்டத்துக்குச் சொன்னார், அளக்கும் கருவியோடு ஆள் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். மேஸ்திரியைக் கயிறு எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். கடைக்குக் கிழக்கே இருக்கும் வீடுகளுக்கு ஆட்டோவில் அறிவிப்பு போனது. பள்ளிக்குப் பேசினேன். தலைமையாசிரியை என்னை முடிக்கவே விடவில்லை.

"மேடம், பிள்ளைங்க எல்லாம் உள்ள. சன்னல் சாத்தியாச்சு, ஃபேன் ஆஃப். கேட் பூட்டியாச்சு. ஏழாம் பக்கம். கவலைப்படாதீங்க."

போனை வைத்தேன். எல்லோரும் எல்லாவற்றையும் செய்துவிட்டார்கள். எனக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. கை சும்மா இருந்த அந்த ஒரு நிமிடத்தில், மூடி இல்லாத அந்தப் பக்கம் கிழக்கே பார்த்துத் திரும்பியிருந்தால் என்ன என்று நினைத்தேன். கிழக்கே பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தில் மேற்குப் பார்த்த வகுப்பு பிளஸ் டூ, இந்த வருடம் மகள் உட்காரும் வகுப்பு. மூன்றாவது சன்னலில் கண்ணாடி உடைந்து அட்டை ஒட்டியிருப்பதாக மகள் போன வாரம்தான் சொல்லியிருந்தாள். ஆல்பாவுக்கு ஒரு தாள் போதும். காமாவுக்கு அட்டை போதாது.

ஸ்கூட்டர் சாவியை எடுத்தது நினைவில்லை. அலுவலக வாசலில் கயிற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த மேஸ்திரி கேட்டது நினைவிருக்கிறது.

"எங்கன போறீய மேடம்?"

"ஸ்பாட்டுக்கு."

"ஸ்பாட்டுக்கு மேக்கச் சுத்தில்லா போவணும்? அந்தப் பாதை பள்ளிக்கூடத்துக்குப் போவுது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய தெருவில் திருவிழாக் கடைகளுக்குக் கொட்டகை போட்டு அடைத்திருந்தார்கள். பழைய இரும்புக் கடைக்குப் பின்புறச் சந்து வழியாகப் போனால் பள்ளிக்கு இரண்டே நிமிடம். அப்படியே போனேன். வரைபடத்தில் அந்தச் சந்துக்கு நான்தான் சிவப்பு அடித்திருந்தேன்.

பள்ளிக் கதவு பூட்டியிருந்தது. தலைமையாசிரியை முகத்தில் துணி கட்டிக்கொண்டு உள்ளிருந்து வந்தார்.

"மேடம், வெளிய நிக்காதீங்க, உள்ள வாங்க. என்ன விஷயம்?"

"ஆய்வுக்கு வந்திருக்கேன்."

"எத ஆய்வு பண்ணணும்?"

"என் மகள."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் அவர்.

"நீங்கதான மேடம் மீட்டிங்ல…"

"அது வேற."

இந்த இரண்டு சொல்லைத்தான் இன்று வரை என்னால் விழுங்க முடியவில்லை. என்ன வேறு? எப்படி வேறு? அவர் கேட்கவில்லை. அடையாள அட்டையை நீட்டினேன். அந்த அட்டை நாய்க்கடித் தடுப்பூசி முகாமுக்குக் கொடுத்தது. ஆனாலும் முத்திரை இருந்தது. அவர் என் மகளை வெளியே அனுப்பினார். மூன்றாவது சன்னல் அட்டை பத்திரமாகத்தான் இருந்தது, அதன் ஓரத்தில் நாலைந்து கண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மகள் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"யம்மா, என்னத்துக்கு வந்த?"

"ஏறு வண்டியில."

"எல்லாரும் உள்ள இருக்கோம்லா. நீதான எழுதுன? நான்தான அடிச்சேன்?"

"ஏறுட்டின்னா."

ஏறினாள். வழி முழுக்க என் முதுகுக்குப் பின்னால் திட்டிக்கொண்டே வந்தாள். பிள்ளைகள் எல்லாம் சிரிக்கிறார்கள், இனி எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போக, என்று. அதே சந்து. காற்று இரும்புக் கடையின் தகரவேலியைத் தாண்டிப் புழுதியை வாரிச் சுழற்றி எங்கள் முகத்தில் அடித்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் மண். அவள் திட்டுவதற்காக வாயைத் திறந்தே வைத்திருந்தாள். பல்லில் மண் நெறுநெறுத்தபோதுதான் எனக்கு எங்கே இருக்கிறோம் என்று உறைத்தது. சந்தின் முனையில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் மேஸ்திரி நின்றார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நானும் என் மகளும்.

"மேடம்," என்றார் அவர் மெதுவாக, "நீங்க உள்ள இருக்கீய."

"தெரியுது மேஸ்திரி. கயித்தத் தூக்கும்."

"உள்ள இருந்து வாரவங்க பேரு எழுதணும்லா?"

நான் வடிவமைத்த படிவம். பெயர், வயது, உள்ளே இருந்த நேரம், காரணம். அவர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டார். மகள் சொன்னாள்: "அறிவில்லன்னு எழுதுங்க." மேஸ்திரி எழுதவில்லை. கோடு போட்டுவிட்டார். ஆட்களைக் குளிக்க வைப்பதற்கென்று திட்டத்தில் இருந்த தண்ணீர் லாரி திருவிழாவுக்குப் போயிருந்தது, அதனால் நேரே வீட்டுக்குப் போய்க் குளியுங்கள், நடுவில் எதையும் தொடாதீர்கள் என்று எனக்கே சொல்லி அனுப்பினார். நான் எழுதியதைவிடத் தெளிவாகச் சொன்னார்.

வீட்டுப் பின்வாசலில் அவள் சீருடையைக் கழற்றிப் பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டினேன். என் சேலையை இன்னொன்றில். மேல்துணியைக் கழற்றினாலே ஒட்டிய தூசில் பெரும்பகுதி போய்விடும் என்று எழுதியிருந்தேன். மிச்சப் பகுதி எவ்வளவு என்று எழுதவில்லை. அவள் தலையில் சோப்பு போட்டு, அலசி, மறுபடி போட்டு, மறுபடி அலசினேன். பாட்டில் ஒன்றை எடுக்கப் போனேன்.

"கண்டிஷனர் போடக் கூடாது," என்றாள் கண்ணை மூடிக்கொண்டே. "தூசு முடியில ஒட்டிக்கிடும். பக்கம் ஒம்பது."

நான் அழுத்தித் தேய்த்தேன். "அழுத்தித் தேய்க்கவும் கூடாது. அதே பக்கம்."

என் கணவர் விசைத்தறிக் கூடத்தில் இருந்தவர், கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார். அவரிடம் நான் சொன்னது பாதி, மகள் சொன்னது மீதி. அவர் பூசை அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தார். புற்று மண். அவள் நெற்றியில் இட்டு நாக்கில் கொஞ்சம் வைத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"வாயத் தெற."

"மண்ணு வாயில போடக் கூடாது."

"நிகழ்வுக்கு முன்பே வீட்டில் மூடி வைக்கப்பட்டிருந்தது," என்றாள் மகள், துண்டைத் தலையில் சுற்றியபடி. "பொருந்தாது. பக்கம் பதினொண்ணு."

வாயைத் திறந்தேன்.

பிறகு மூன்று பேரும் சன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வேர்த்து வடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. மகளின் கோபம் தணிந்திருந்தது. தணிந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. கையில் இருந்த சிறு மச்சம் ஒன்றைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"யம்மா, நான் பள்ளிக்கூடத்துலயே இருந்திருந்தா எனக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்லா?"

"ஆமா."

"இப்ப?"

முப்பத்திரண்டு பக்கத்தில் அந்தக் கேள்விக்கு இடமே விடவில்லை. அவள் அப்பா எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்தார். யாரும் குடிக்கவில்லை. என்னென்ன நினைத்தேன் என்பதை எழுத முடியாது. கையேட்டில் பார்த்த கதிர்வீச்சுப் புண்களை மனதுக்குள் அவள் கையில் வைத்துப் பார்த்தேன் என்று மட்டும் சொல்கிறேன். பாலித்தீன் பையில் சீருடையின் நீலம் தெரிந்தது. அதைப் பார்க்காமல் இருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அதிகாரி அழைத்தார்.

"காலிப் பெட்டிம்மா. உள்ள ஒண்ணுமே இல்ல. எப்பவோ எடுத்துட்டுக் கூட்டைப் போட்டிருக்காங்க. அளந்து பார்த்தாச்சு, வழக்கமா இருக்கிற அளவுதான். கேக்குதா?"

கேட்டது. மகளும் கேட்கட்டும் என்று போனை அவளிடம் நீட்டினேன்.

அளக்க வந்த பெண் அதிகாரி என் வீட்டுக்கும் வந்தார். படிவத்தில் எங்கள் பெயர் இருந்ததே. கருவியை மகளின் தலைமுடி, கை, பாலித்தீன் பை என்று நிதானமாகக் காட்டினார். டிக் டிக் என்று சோம்பேறித்தனமாக ஒலித்தது. வெளியே போகும்போது வாசற்படியருகில் கொஞ்சம் சுறுசுறுப்பாக ஒலித்தது. நான் மகளை என் பின்னால் இழுத்தேன்.

"பயப்படாதீங்க. கருங்கல்லு. எல்லாக் கருங்கல்லுலயும் இயற்கையாவே கொஞ்சம் இருக்கும்," என்றார். பிறகு படிவத்தைப் பார்த்தார். "பாப்பா ஸ்கூல்லதான இருந்தா? சந்துக்குள்ள கூட்டிட்டு வந்தது யாரு?"

"நான்தான்."

"திட்டம் எழுதினது?"

"அதும் நான்தான்."

அதையும் அவர் எழுதிக்கொண்டார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் நான் இன்னும் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் இரும்புக் கடைக்குப் போனேன். அண்ணாச்சியைப் பாராட்டி ஒரு கடிதம் தரச் சொல்லியிருந்தார்கள். சட்டத்துக்குள் இருந்த சுவரொட்டிக்கு அன்றைக்குப் பெரிய மாலை. கடிதத்தைப் படித்து மடித்து வைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"நம்ம பயலும் அந்தப் பள்ளிக்கூடம்தான் மேடம். ஆறாப்பு."

எனக்குத் தெரியாது.

"நீங்க… போகலியா அண்ணாச்சி?"

"போவணும்னுதான் இருந்துச்சு. என்னத்தச் சொல்ல? மேக்கால அந்த வேப்பமரத்தடியில உக்காந்து, எந்திரிச்சுப் போயிரக் கூடாதுன்னு ரெண்டு காலையும் ரெண்டு கையால புடிச்சுட்டுல்லா கெடந்தேன். நீங்க எழுதி வச்சிருக்கீயள்லா."

அவர் கேலி செய்யவில்லை. சந்தில் என்னைப் பார்த்தாரா என்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் அறிக்கை எழுதினேன். பள்ளி, கடைக்காரர், துப்புரவுப் பணியாளர், பொதுமக்கள் அனைவரும் திட்டப்படி நடந்தனர்; பெற்றோர் ஒருவர் மட்டும் ஏழாம் பக்க விதியை மீறினார். அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"யாரும்மா அந்த அறிவுகெட்ட ஜென்மம்?"

"நான்தான் சார்."

கண்ணாடியை இறக்கி, அடுத்த பக்கத்தைப் புரட்டி, வெகுநேரம் அந்தப் பக்கத்தையே படித்தார். அது வெற்றுப் பக்கம்.

திட்டத்தைத் திருத்தச் சொன்னார்கள். கூட்டத்தில் கேட்ட அந்தத் தாயின் கேள்வியை அப்போதுதான் உண்மையாக யோசித்தேன். ஓட வேண்டாம் என்று சொன்னேன். ஓடாமல் உட்கார்ந்திருப்பவர் கையில் என்னத்தைக் கொடுத்தேன்? ஆகவே, கதவு பூட்டிய பத்து நிமிடத்துக்குள் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும், இத்தனை பிள்ளைகள், அத்தனை பேரும் உள்ளே என்று பெற்றோர் எல்லோருக்கும் செய்தி போக வேண்டும் என்று சேர்த்தேன். மகள் தட்டச்சு செய்தாள். நான் கேட்காமலே அதன் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருந்தாள். 'திட்டம் தயாரித்த அலுவலரை, நிகழ்வு முடியும் வரை அவரது அறையில் இருத்தி வெளியே பூட்ட வேண்டும். சாவி மேஸ்திரியிடம் இருக்கும்.' நான் அதை நீக்கவில்லை. மேலே போனது. முழுவதும் படிக்க யாருக்கும் நேரமில்லை போல. கையெழுத்து, முத்திரை எல்லாம் ஆகித் திரும்பி வந்துவிட்டது.

அந்தச் சீருடை இன்னும் பரணில் பாலித்தீன் பையில்தான் இருக்கிறது. அளந்து பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னதுதான். எனக்குத் தெரியும். ஆனால் முடிச்சை அவிழ்க்கக் கை வரவில்லை. அவளுக்கு வேறொன்று தைத்துக் கொடுத்தோம்.

போன மாதம் ஒத்திகை நடந்தது. வெறும் ஒத்திகைதான், தேதி குறித்ததும் நான், நேரம் குறித்ததும் நான். சங்கு ஊதியது. மேஸ்திரி வந்தார், "மன்னிச்சுக்கிடுங்க மேடம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். பூட்டு விழும் சத்தம் கேட்டது. ஒன்றும் நடக்கவில்லை, எதுவும் நடக்கப் போவதுமில்லை என்று ஊரிலேயே எனக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். இருந்தும் இரண்டாவது நிமிடத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மறுபடி உட்கார்ந்து, குனிந்து, இரண்டு கணுக்காலையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டேன். அப்படிக் குனிந்தபடியே மேசைமேல் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது நிமிடத்தில் அது அதிர்ந்தது. பிளஸ் டூ, நாற்பத்தொரு பேர், அனைவரும் உள்ளே.

கையை எடுக்கவில்லை. கதவுக்கு வெளியே மேஸ்திரியின் குரல் கேட்டது.

"மேடம், இருக்கீயளா?"

"எங்கன போவ?"

"இல்ல, சும்மா கேட்டேன். சன்னல் ஒண்ணு இருக்குல்லா."